கல்தாமரைக்கு முறைத் தண்ணீர்

“விருதுநகர் தாண்டியாச்சு” என்று செண்பகவல்லி போனில் சொன்னபோது, அவள் கணவர் உமையொருபாகம் மாடி வராந்தாவில் குந்தி உட்கார்ந்து, செடியிலிருந்து உதிர்ந்த ஓர் இலையை அதே செடியில் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டிருந்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கியிருந்தார். ஒரு கை தண்டைப் பிடித்திருந்தது, இன்னொரு கை இலையை அழுத்திக்கொண்டிருந்தது. “ஸ்டேசனுக்கு வராதீங்க, நான் ஆட்டோ பிடிச்சு வந்துருவேன்” என்றாள். வரலை என்றார். “செடியெல்லாம் எப்படி இருக்கு?” என்றாள். அவர் கொஞ்சம் யோசித்து, “இருக்கு” என்றார். பேச்சு முடிந்தது. இலை அவருடைய கால் கட்டைவிரல்மேல் விழுந்தது. இருக்கு என்று சொன்னது பொய்யில்லை என்று அவர் நினைத்தார். எல்லாத் தொட்டியும் இருக்கிறது. கம்பியழி ஓரம் கடைசியாக வைத்திருக்கும் இந்தத் தொட்டியும் வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதற்குள் செடி இருக்கிறதா என்று அவள் தனியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்டு இருக்கு என்று சொல்லியிருக்கலாம். தண்டு கறுத்துவிட்டது, தொட்டால் விரல் வெந்த கத்தரிக்காய்க்குள் போவதுபோல உள்ளே போகிறது, ஆனாலும் இருக்கிறது. வெந்த கத்தரிக்காய் இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இருக்கிறது என்றுதானே சொல்வோம். இல்லை என்றால் குழம்பு எப்படி வந்தது. அவர் இலையை எடுத்து வேட்டியில் துடைத்தார். பருக்கை நசுங்கி இலையின் நுனியில் ஒரு சின்ன மீசைபோல ஒட்டியிருந்தது. தபால் உறைக்கு ஒட்டுகிற பருக்கை இலைக்கு ஏன் ஒட்டவில்லை? இலைக்கு ஈரம் கூடுதல். அந்த ஈரம் முழுக்க அவர் ஊற்றியது.

ஸ்டேசனுக்கு வராதீங்க என்று அவள் சொன்னதில் கோபம் இல்லை, கோபம் இல்லாததுதான் அவருக்குக் கஷ்டம். போன தடவை வெளியூரிலிருந்து சேர்ந்து வந்து இறங்கியபோது அவள் ஆட்டோக்காரரிடம் குறைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பையோடு நின்ற இவர், “பாவம், இந்த வெயில்ல ஓட்டுறாரு, கேட்டதைக் குடுத்துருவோம்” என்றுவிட்டார். செண்பகவல்லி அவரைத் திரும்பிப் பார்த்து, “சரி” என்றாள். அவ்வளவுதான். அன்றோடு ஆட்டோ பேசுகிற வேலை அவர் கையைவிட்டுப் போயிற்று. அவள் சண்டை போடுகிறவள் இல்லை. எதையும் சொல்லிக்காட்டுகிறவளும் இல்லை. சரி என்பாள், பிறகு அந்த வேலையை அவளே செய்துகொள்வாள், எப்போதும் அவளே செய்துவந்ததைப்போல. பால் காய்ச்சுகிற வேலை அப்படித்தான் போயிற்று. அடுப்புக்கு முன்னால் நின்று பாலையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள். அவர் பாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பால் மெல்ல எழும்பி, நடுவில் ஒரு குமிழி சுழன்று, விளிம்புவரை வந்து நின்று, வெளியே இறங்கியதை முழுக்கப் பார்த்தார். அழகாக இருந்தது. பார்க்கச் சொன்னாளே தவிர அணைக்கச் சொல்லவில்லை என்று அவர் சொன்னபோது, சரி என்றாள். கொடியில் துணி எடுக்கிற வேலை, மல்லி வாங்கப் போய்ப் புதினாவோடு வந்த வேலை, கேஸ் பதிவு செய்கிற வேலை எல்லாம் ஒவ்வொரு ‘சரி’யாகப் போய்விட்டன. வேலையில் இருந்த காலத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. பணி ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வீடு கசிவில்லாத குழாய்போல ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் இவரைச் செருக எங்கேயும் ஓர் இணைப்பு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போகலாம். பேப்பர் படிக்கலாம். காலண்டர் தாள் கிழிக்கலாம் என்று ஒருநாள் போனார், இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. அதற்கு அவள் சரி சொல்லவில்லை, ஆனால் மறுநாள் அவர் எழுவதற்குள் தாள் கிழிக்கப்பட்டிருந்தது.

அப்படிப்பட்ட வீட்டில், கோயம்புத்தூரில் இருக்கும் தங்கைக்கு மூட்டு ஆபரேசன் என்று கிளம்பும்போது, செண்பகவல்லி அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தாள். வராந்தா நிறைய அவள் வளர்க்கும் சக்குலன்ட் செடிகள். கைப்பிடி உடைந்த காபிக் கோப்பை, ஐஸ்கிரீம் டப்பா, ஊறுகாய்ப் பரணி என்று கிடைத்ததிலெல்லாம் அடியில் ஓட்டை போட்டு மணலும் செங்கல் பொடியும் நிரப்பி வைத்திருந்தாள். இலையெல்லாம் குழந்தை விரல்போலக் குண்டு குண்டாக இருக்கும். அவர் அவற்றைக் குண்டுச் செடி என்பார். “நான் வர்ற வரைக்கும் இதுகளுக்குத் தண்ணி வேண்டாம்” என்றாள். “ஒரு மாசமா?” என்றார். “ஒரு மாசம்தான். இப்ப ஊத்திட்டுத்தான் போறேன்.” “செத்துப் போகாதா?” “இது ஒட்டகம் மாதிரிங்க. இலைக்குள்ளயே சேத்து வச்சிருக்கும்.” “அப்ப நான் என்ன செய்யணும்?” என்று கேட்டார். “ஒண்ணும் செய்யக் கூடாது. அதைத்தான் செய்யணும். செய்வீங்களா?” என்றாள். செய்வேன் என்றார். அவள் கிளம்பிப் போன பிறகு, ஒன்றும் செய்யாமல் இருப்பதை எங்கிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து செடிகளைப் பார்த்தார். செடிகள் அவரைப் பார்த்தன.

இந்த வேலையை வேறு யாரிடம் கொடுத்திருந்தாலும் சரியாகச் செய்திருப்பார்கள் என்று இப்போது நினைத்தார். அரிசி மண்டிக்காரர் செய்திருப்பார். சைக்கிள் கடைக்காரர் செய்திருப்பார். கீழ்வீட்டு ஜெபராணி டீச்சர் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்து தூங்கியே செய்திருப்பார். போயும் போயும் நகராட்சியில் காலமெல்லாம் தண்ணீர் திறந்துவிட்ட ஆளிடம், தண்ணீர் விடாதே என்று சொல்லிவிட்டுப் போகலாமா? ஊருக்குத் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்றைக்கு இந்தத் தெரு, நாளைக்கு அந்தத் தெரு. இடுப்புயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்து மூடியைத் தூக்கி, வால்வில் மாட்டி, இடது பக்கம் திருப்பினால் திறக்கும், வலது பக்கம் திருப்பினால் மூடும். அவர் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது, தண்ணி அண்ணாச்சி என்றால் தெரியும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலைக்கு உப்பு வைக்கிறவர் குனிந்து, “அண்ணாச்சி, எங்க தெருவுக்கு எப்ப?” என்று கேட்பார். துட்டி கேட்கப் போன சாவு வீட்டில், அழுதுகொண்டிருந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு வருமாய்யா?” என்று கேட்டிருக்கிறார். உலகத்தில் இரண்டே வகை மண்தான் என்பது அவர் நெஞ்சில் ஊறிப்போன விஷயம். ஒன்று, தண்ணீர் வந்த மண். இன்னொன்று, இன்னும் வராத மண். செண்பகவல்லி போன மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு கோப்பைக்குள் விரலை வைத்துப் பார்த்தார். சும்மா பார்த்தார். காய்ந்திருந்தது. விரலை எடுத்துவிட்டு உள்ளே போய்ப் பேப்பரை விரித்தார். எழுத்து ஓடவில்லை. காய்ந்திருக்கே, காய்ந்திருக்கே என்று ஏதோ ஒன்று உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. அது செடியின் குரல் இல்லை என்று அவருக்குத் தெரியும், பேசத் தெரிந்த செடி என்றால் செண்பகவல்லியே சொல்லியிருப்பாள். இருந்தாலும் ஒரு தம்ளர். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு தம்ளர்.

ஒரு தம்ளர் என்பது எப்படி முறைத் தண்ணீர் ஆனது என்பதை இப்போது திரும்பிப் பார்த்தால் அவருக்கே பிடிபடவில்லை. ஒரே தம்ளரை எல்லாவற்றுக்கும் பிரித்தால் முதலில் இருப்பதற்குக் கூடுதலும் கடைசிக்குக் குறைவுமாகப் போகிறது, அது அநியாயம், அதனால் முறை வேண்டும் என்று தோன்றியது. முறை வந்ததும் தெரு வந்துவிட்டது. படிக்கட்டுப் பக்கத்து ஐஸ்கிரீம் டப்பாக்கள் பஜார்த் தெரு. காபிக் கோப்பைகள் நிற்கிற வரிசை பள்ளிவாசல் தெரு. நடுவில் தகர டப்பாவில் தனியாக நெட்டையாக நிற்கிற செடி தபால் ஆபீஸ். அவர் காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு, சட்டை போட்டுக்கொண்டு, ஆமாம், வராந்தாவுக்குப் போக ஒரு சட்டை போட்டுக்கொண்டு, செம்போடு போய், இன்று பள்ளிவாசல் தெரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு ஊற்றினார். அந்த நாட்களில் அவர் மாதிரி சந்தோஷமாக இருந்த ஆள் ஊரில் இருந்திருக்க முடியாது. தண்ணீர் விட்டதும் அவை ஒன்றும் கேட்காமல் குடித்தன. சண்டை இல்லை, குடம் உருட்டல் இல்லை, மனு இல்லை. எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மேட்டுத் தெரு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால். ஊர்க்கோடியில் பாறை மேட்டில் இருக்கிற தெரு அது. தண்ணீருக்கு மேடு ஏறத் தெரியாது, அதில் யார் குற்றமும் இல்லை. அவர் எவ்வளவு நேரம் திறந்து வைத்தாலும் மேட்டுத் தெருக் குழாயில் காற்றுதான் முதலில் வரும், பிறகு கொஞ்சம் இருமும், பிறகு நின்றுவிடும். அங்கே சீனியம்மா என்று ஒருத்தி பச்சைக் குடத்தோடு நிற்பாள். அவள் ஏசினால் நன்றாக இருந்திருக்கும். ஏச மாட்டாள். “இன்னைக்கு அதுக்குச் சளி பிடிச்சிருக்கு போல அண்ணாச்சி” என்று சிரித்துவிட்டு, வெறுங்குடத்தைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு போவாள். கவிழ்த்த குடத்தை இடுப்பில் வைக்க வராது, வழுக்கும், அதை அவள் பிடித்துப் பிடித்துச் சரிசெய்துகொண்டே மேடு ஏறுவதை அவர் பார்த்துக்கொண்டு நிற்பார். வராந்தாவில் கம்பியழி ஓரம், வரிசைக்குக் கடைசியில், ஊறுகாய்ப் பரணியில் இருந்த செடிதான் மேட்டுத் தெரு. அதற்கு இருமடங்கு ஊற்றினார். முறை இல்லாத நாளிலும் ஊற்றினார். சீனியம்மாவுக்கு இது எந்த வகையில் உதவும் என்று அவர் யோசிக்கவில்லை. செண்பகவல்லிக்கு எந்த வகையில் இடைஞ்சல் என்பதையும் யோசிக்கவில்லை. அந்த ஊறுகாய்ப் பரணியில் இருந்தது கல்தாமரை.

கல்தாமரை என்பது செண்பகவல்லி வைத்த பெயர். தாமரைப் பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்கும், சாம்பல் பூசின மாதிரி நிறம். கொடைக்கானலுக்கு ஒரே ஒரு முறை போனபோது, தங்கியிருந்த விடுதித் தோட்டத்தில் நடைபாதையில் விழுந்து கிடந்த ஓர் இலையை எடுத்துக் கைக்குட்டையில் மடித்தாள். மற்றவர்கள் ஏரியைப் பார்த்தார்கள், அவள் அந்தக் கைக்குட்டையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் வாந்தி வருகிறது, கைக்குட்டையைக் கொடு என்று இவர் கேட்டபோது தரமாட்டேன் என்றுவிட்டாள். அந்த இலையிலிருந்து வந்த செடி. தண்ணீர் ஊற்ற ஊற்ற அதன் இலைகள் முதலில் புடைத்தன. பிறகு கண்ணாடிபோலப் பளபளத்தன. சூரியனுக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் உள்ளே புகுந்து வந்தது. ஆகா, மேட்டுத் தெருவுக்கு இப்போதுதான் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அவர் பெருமைப்பட்டார். பளபளப்பு ஆரோக்கியம் என்று நினைத்தார். புதுமாப்பிள்ளை முகம் பளபளக்கும், பிள்ளைத்தாய்ச்சி முகம் பளபளக்கும், செடி மட்டும் ஏன் பளபளக்கக் கூடாது. இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை, அதன் கன்னத்தைத் தட்டிக்கொடுப்பதுபோல லேசாகத் தட்டினார். பொலபொலவென்று இலைகள் கொட்டின. அடியில் இருந்தவை கையோடு கூழாக வந்தன. மேலே இருந்த பத்துப் பன்னிரண்டு மட்டும் கெட்டியாக இருந்தன. கூழானதைக் கழுவிவிட்டார். கெட்டியானதைக் குப்பையில் போட முடியவில்லை. குப்பை வண்டி தள்ளி வரும் மாரித்தாய் செண்பகவல்லிக்குச் சிநேகிதி, வாளியைக் கவிழ்த்தால் எல்லாம் பார்ப்பாள், பார்த்ததை எல்லாம் சொல்வாள். செண்பகவல்லி கை வைக்காத இடம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று யோசித்து யோசித்து, கடைசியில் பீரோவின் மேல்தட்டில் இருந்த பொன்னாடையைக் கண்டுபிடித்தார். பணி ஓய்வு விழாவில் போர்த்தியது. ஊரின் தாகம் தீர்த்த உத்தமர் என்று சொல்லிப் போர்த்தினார்கள். அந்தத் துணியை உடுத்த முடியாது, விரிக்க முடியாது, கை துடைத்தால் ஒரு சொட்டு ஈரத்தைக்கூட அது குடிக்காது. அதற்குள் இலைகளை வரிசையாகக் கிடத்தி, சுருட்டி, மேல்தட்டில் பழைய தலையணை உறைக்குப் பின்னால் தள்ளிப் பீரோவைப் பூட்டினார். அன்றிலிருந்து அந்தப் பீரோப் பக்கம் அவர் போகவில்லை. வெள்ளை வேட்டி பீரோவில் இருந்தது, ஒரு கல்யாணத்துக்குக்கூடச் சாயவேட்டியில் போய் வந்தார். அவர் போனால் தொட்டுவிடுவார், தொட்டால் ஏதாவது ஆகும், அந்த அளவுக்குத் தன் கையைப் பற்றி அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு நப்பாசையில் பரணிக்குள் அந்தத் தண்டை மட்டும் நட்டமாக நிறுத்தி வைத்திருந்தார். உச்சியில் மூன்று இலை தொங்கிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதிலும் ஒன்று போய்விட்டது.

“அண்ணாச்சி” என்று கீழேயிருந்து ஜெபராணி டீச்சரின் குரல் வந்தது. அவர் கம்பியழி வழியாக எட்டிப் பார்த்தார். டீச்சர் வாசலில் சாக்கு விரித்து மிளகாய் காயப்போட்டிருந்தார், மிளகாய்க்கு நேர் மேலே பஜார்த் தெரு இருந்தது. “என்ன டீச்சர்?” “அக்கா இன்னைக்கு வர்றாங்களாமே.” “வந்துக்கிட்டே இருக்கா.” “அப்ப இன்னையோட மழை நின்னுரும்” என்றார் டீச்சர். “ஒரு மாசமா ஊருல எங்கயும் பெய்யாம என் மிளகா மேல மட்டும் பெய்யுதே, என்ன புண்ணியம் செஞ்சேனோன்னு நினைச்சேன்.” “டீச்சர், அவ ஒருவேளை கேட்டா…” “கேட்டா என்ன சொல்லணும்?” “மழைன்னு சொல்ல முடியுமா?” டீச்சர் வானத்தைப் பார்த்தார். வெயிலில் கண் கூசியது, கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். “அண்ணாச்சி, நான் சயின்ஸ் எடுக்கிறேன்” என்றார். “சரி, அணிலுன்னு?” “அணில் செம்பு தூக்கிட்டு வந்துச்சுன்னா?” “தண்ணிக்கு இல்ல டீச்சர், இலைக்கு.” “இலைக்கு என்ன ஆச்சு?” என்று டீச்சர் கேட்டார், அந்த நொடிவரை டீச்சருக்கு இலையைப் பற்றி ஒன்றும் தெரியாது, இப்போது தெரிந்துவிட்டது. “ஒண்ணும் ஆகலை” என்று சொல்லிவிட்டு உமையொருபாகம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். டீச்சர் மிளகாயைத் திருப்பிப் போடுகிற சத்தம் கேட்டது. அது சிரிக்கிற சத்தம் மாதிரியே இருந்தது.

அணில்தான் என்று முடிவு செய்தார். இல்லை, அணில் வேண்டாம். அணில் இலையைத் தின்றால் பல் பட்ட தடம் இருக்க வேண்டும், தண்டு ஏன் வேக வேண்டும். புறா? புறா உட்கார்ந்தால் ஒடியும், கறுக்காது. வெயில் என்று சொல்லலாம். வெயிலில் காயும், அழுகாது. காய்வதற்கு ஆயிரம் காரணம் இருக்கிறது, அழுகுவதற்கு ஒரே காரணம்தான், அந்தக் காரணம் சட்டை போட்டுக்கொண்டு இங்கே நிற்கிறது. பைபாஸ் ரோட்டு நர்சரியில் இதே மாதிரி ஒன்று வாங்கி வைத்துவிடலாமா என்றுகூட முந்தாநாள் போய்ப் பார்த்தார். அங்கே கல்தாமரை போலவே நிறைய இருந்தன, ஒவ்வொன்றும் அடுத்த வீட்டுப் பிள்ளை மாதிரி அவரை முறைத்துப் பார்த்தது. ஒன்றைக் கையில் எடுத்து இவள்தான் அவள் என்று நம்பப் பார்த்தார். நர்சரிக்காரர், “இது வீட்டுக்குள்ள வைங்க சார், ரொம்ப ஈசி, அடிக்கடித் தண்ணி வேண்டாம்” என்றார். அவர் வைத்துவிட்டு வந்துவிட்டார். தூரத்தில் ரயில் கூவியது. கேட் அடைக்கும் மணி அடித்தது. இறங்கியிருப்பாள். பையை இடது கையில் மாற்றியிருப்பாள். ஆட்டோக்காரர் ஒரு தொகை சொல்லியிருப்பார், அவள் ஒன்றும் பேசாமல் அடுத்த ஆட்டோவைப் பார்த்து நடந்திருப்பாள், முதல் ஆட்டோக்காரர் பின்னாலேயே வந்திருப்பார். எல்லா வேலையும் அவளுக்கு வருகிறது. இனி மாடி ஏறி வருவாள், வராந்தாவைப் பார்ப்பாள், ஏசமாட்டாள், சரி என்பாள். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அவருக்கு என்று ஒரு வேலையும் மிச்சம் இருக்காது. காலையில் எழுந்தால் சட்டை போட ஒரு காரணம் இருக்காது. ஸ்டேசன் பெஞ்சில் உட்கார்ந்து, வராத வண்டிக்கு நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறவர்களோடு போய் உட்கார வேண்டியதுதான். அவர்களிலும் ஒருவர் கேட்பார், அண்ணாச்சி, எங்க தெருவுக்கு எப்ப என்று. அப்போது என்ன சொல்வது? நான் இப்போது எந்தத் தெருவுக்கும் இல்லை என்றா? அவர் வலது கையைப் பார்த்தார். அது தன்பாட்டுக்கு இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, தூக்கத்திலும் அப்படித்தான் திரும்பும் என்று செண்பகவல்லி சொல்லியிருக்கிறாள். அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்து வைத்துக்கொண்டார். கீழே ஆட்டோ வந்து நின்றது.

செண்பகவல்லி படியேறி வந்து, பையை வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தாள். “தங்கச்சி எப்படி இருக்கா?” “நடக்கிறா. நீங்க ஏன் இப்படி வேத்திருக்கீங்க?” “வெயிலு.” அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். அவர் பின்னால் போனார். அவள் குனிந்து முதல் டப்பாவை எடுத்துக் கையில் வைத்து எடை பார்த்தாள், கீழே வைத்தாள். அடுத்ததைத் தூக்கினாள். இப்படித் தூக்கிப் பார்த்தே உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கலாம் என்பது அவருக்கு இதுவரை தெரியாது. பஜார்த் தெரு முடிந்தது. பள்ளிவாசல் தெரு முடிந்தது. தபால் ஆபீஸைத் தூக்கும்போது அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, கீழே டீச்சர் இருமினார். மற்றதெல்லாம் கொஞ்சம் மஞ்சளடித்து, வெலவெலத்து, ஆனால் உயிரோடு இருந்தன. அவள் கம்பியழி ஓரம் வந்தாள். பரணியைத் தூக்கினாள். மிச்சம் இருந்த இரண்டு இலையும் அவள் பார்க்கும்போதே விழுந்தன. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவள் பற்கள் ஒன்றுசேர்ந்து, நாக்கு மேலே எழும்புவதை அவர் பார்த்தார், அந்தச் சொல் கிளம்புகிற இடம் அது, கிளம்பிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

“அணில் இல்ல” என்றார்.

“எந்த அணில்?”

“அணில் ஒண்ணும் செய்யலை. நாந்தான். முறை வச்சு விட்டேன். இதுக்கு மட்டும் கூட விட்டேன். கடைசியில இருந்துச்சு பாத்தியா, மேட்டுத் தெரு மாதிரி. இரு, எல்லாத்தையும் காட்டிடுறேன்.”

அவர் வேகமாக உள்ளே போனார். இத்தனை நாள் போகாத பீரோவைத் திறந்து, தலையணை உறைக்குப் பின்னால் கை விட்டு, பொன்னாடைச் சுருளை அப்படியே எடுத்து வந்து அவள் காலடியில் வைத்துப் பிரித்தார். பிரித்தவர் உடனே மூடப் பார்த்தார், உள்ளே புழு வைத்துவிட்டதுபோல இருந்தது. இலைகள் எல்லாம் கிழவியின் விரல்போலச் சுருங்கிக் கிடந்தன, ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் இளஞ்சிவப்பாக, நூல் நூலாக ஏதோ வெளியே வந்திருந்தது. செண்பகவல்லி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். மெல்லத் தரையில் உட்கார்ந்து, கழுத்தில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். ஓர் இலையை நகத்தால் திருப்பினாள். நூல் வந்த இடத்துக்குப் பக்கத்தில், கொத்தமல்லி விதையளவு, சாம்பல் பூசின நிறத்தில், அடுக்கடுக்காக ஒரு தாமரை இருந்தது. அடுத்த இலையைத் திருப்பினாள். அதிலும் இருந்தது. ஓர் இலையின் நுனியில் பழைய சரிகை நூல் ஒன்று ஒட்டியிருந்தது, அதை ஊதித் தள்ளினாள். இலை தனக்குள் சேர்த்து வைத்திருந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அந்த விதையளவுக் குஞ்சுக்கு விட்டுக்கொண்டே வந்திருக்கிறது, விட விடத் தான் சுருங்கியிருக்கிறது. திறந்துவிட்டது யார் என்று அவர் யோசித்தார். யாரும் இல்லை.

“இதுக்கு எவ்வளவு தண்ணி விட்டீங்க?” என்று அவள் கேட்டாள்.

“இதுக்கா? ஒரு சொட்டு விடலை.”

“ஏன்?”

“ஒளிச்சுல்ல வச்சிருந்தேன். பயத்துல அந்தப் பக்கமே போகலை.”

“அப்ப நான் சொன்னதை இதுக்கு மட்டும் செஞ்சிருக்கீங்க” என்றாள். அவள் தோள் குலுங்கியது. அவர் முதலில் அழுகிறாள் என்று நினைத்தார், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். “மழை பெய்யுதுன்னு ஜெபராணி டீச்சர் மறுவாரமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. நீங்களாச் சொல்றீங்களான்னுதான் பாத்தேன். இருக்குன்னீங்களே.”

“இருக்குல்ல” என்றார், பொன்னாடையைக் காட்டி.

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். இப்போது வரும் என்று நினைத்தார், இத்தனை வருஷமும் இப்படி ஒரு நிமிஷம் சும்மா இருந்துவிட்டுத்தான் அந்தச் சரி வந்திருக்கிறது. “மடிங்க” என்றாள்.

“எதை?”

“இந்தப் பொன்னாடையைத்தான். எப்படிச் சுருட்டி வச்சிருந்தீங்களோ அப்படியே சுருட்டி, அதே தட்டுல, அதே இடத்துல வைங்க. வேர் இன்னும் கொஞ்சம் ஓடணும். நான் கேக்கிற வரைக்கும் இது உங்க பொறுப்பு. நான் தொட மாட்டேன்.”

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. “நான் என்ன செய்யணும்?” என்றார்.

“போன மாசம் எப்படிப் பயந்தீங்களோ, அதே மாதிரி பயந்துக்கிட்டு இருக்கணும்.”

அவர் சுருட்டினார். மூச்சுக் காற்றுப் படாமல், ஓர் இலைகூடப் புரளாமல், விழா மேடையில் அவருக்குப் போர்த்தியவர்கள் காட்டாத பதவிசோடு சுருட்டி, இரண்டு கையிலும் ஏந்திப் பீரோவுக்குக் கொண்டுபோனார். தலையணை உறைக்குப் பின்னால் தள்ளினார். கதவைச் சாத்திச் சாவியைப் போட்டதும் அவர் கை பழக்கப்படி இடது பக்கம் போனது. நிறுத்தினார். வலது பக்கம் திருப்பினார்.

வாசலிலிருந்து ஜெபராணி டீச்சர் கூப்பிடுவது கேட்டது. “அக்கா, வந்துட்டீங்களா? மிளகாயை அள்ளவா, கிடக்கட்டுமா?”

“கிடக்கட்டும் டீச்சர், நல்லாக் காயட்டும்” என்று வராந்தாவிலிருந்து செண்பகவல்லி சொன்னாள்.

உமையொருபாகம் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டார். பிறகு பீரோவுக்கு முன்னால் நின்று பயப்படத் தொடங்கினார்.